அரிசியும் கொலஸ்டிராலும்: கோபாலபுரத்து நீரிழிவு ஆய்வாளர் வி. மோகனின் பணி வழியே ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

இருபதாம் நூற்றாண்டின் கொலஸ்டிரால் ஆராய்ச்சி பெரிதும் ஐரோப்பிய, அமெரிக்க உடல்களை அளவாகக் கொண்டு வளர்ந்தது. மொத்தக் கொலஸ்டிரால் எவ்வளவு, உணவில் விலங்குக் கொழுப்பு எவ்வளவு என்பனவே அதன் முதன்மை வினாக்கள். சென்னை கோபாலபுரத்தை மையமாகக் கொண்டு 1990களின் நடுப்பகுதி முதல் மருத்துவர் வி. மோகனும் அவருடைய குழுவினரும் மேற்கொண்ட மக்கள்தொகை ஆய்வுகள் அவ்வினாக்களைத் தமிழகச் சூழலில் எவ்வாறு இடம் மாற்றின என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. எண்ணெயிலிருந்து அரிசிக்கு வினா நகர்ந்ததும், அந்நகர்வு எழுப்பிய புதிய ஐயங்களும் இதன் பொருளாகும்.

திறவுச்சொற்கள்: கொலஸ்டிரால், எச்.டி.எல்., டிரைகிளிசரைடு, நீரிழிவு, வி. மோகன், எம். விசுவநாதன், கோபாலபுரம், அரிசி உணவு.

முன்னுரை

தமிழில் ‘கொழுப்பு’ என்னும் ஒரு சொல் பல பொருள்களைச் சுமக்கிறது. ஆட்டிறைச்சியின் வெள்ளைப் படலமும் கொழுப்பே. குருதிச் சோதனைத் தாளில் வரும் கொலஸ்டிராலும் கொழுப்பே. அடக்கமின்றிப் பேசுபவனிடம் காணப்படுவதும் கொழுப்பே. மக்கள் மொழியில் இது இயல்பு. மருத்துவ வரலாற்றிலோ இச்சொல் ஒரு மயக்கத்திற்கு வழிவகுத்தது. உண்ணும் கொழுப்பே குருதியில் கொலஸ்டிராலாக மாறுகிறது. ஆகவே நெய்யையும் தேங்காயையும் முட்டையையும் விலக்கினால் நெஞ்சு காக்கப்படும் என்ற எண்ணம் சொல்லின் வழியாகவே வலுப்பெற்றது. சோற்றின் மீது எவருக்கும் ஐயம் எழவில்லை. சோற்றில் கொழுப்பு இல்லை அல்லவா?

சோற்றின் மீது அந்த ஐயத்தை எழுப்பிய ஆய்வுகளுள் குறிப்பிடத்தக்க ஒரு தொகுதியின் முகப்பில் காணப்படும் முகவரி சென்னை கோபாலபுரம், கான்ரான் ஸ்மித் சாலை.

கொலஸ்டிரால் வினாவின் பிறப்பிடம்

1913இல் உருசியாவின் நிக்கோலாய் அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்டிரால் ஊட்டி, அவற்றின் தமனிகளில் படிவு உண்டாவதைக் காட்டினார். 1948இல் அமெரிக்காவின் ஃபிராமிங்காம் நகரில் நீண்டகால இதயநோய் ஆய்வு தொடங்கியது. ஆன்சல் கீஸ் 1958 முதல் நடத்திய ‘ஏழு நாடுகள் ஆய்வு’ நிறைவுற்ற கொழுப்பு, குருதிக் கொலஸ்டிரால், மாரடைப்பு ஆகிய மூன்றையும் ஒரே சங்கிலியில் கோத்தது. உடல் தானே கொலஸ்டிராலை உருவாக்கும் வழியை விளக்கியமைக்காகக் கொன்ராட் பிளாக்கும் ஃபியோடர் லீனனும் 1964இல் நோபல் பரிசு பெற்றனர். எல்.டி.எல். துகளை உயிரணுவுக்குள் இழுக்கும் ஏற்பியைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் 1985இல் அதே பரிசைப் பெற்றனர்.

கீஸின் ஏழு நாடுகள் அமெரிக்கா, பின்லாந்து, நெதர்லாந்து, இத்தாலி, யூகோசுலாவியா, கிரீசு, ஜப்பான் என்பன. இந்தியா அவற்றுள் இல்லை. இந்திய நிலைமை அப்போதே வேறொரு புதிரைக் காட்டியிருந்தது என்பது பலராலும் மறக்கப்பட்ட செய்தி. இரயில்வே மருத்துவ அதிகாரியான எஸ். எல். மல்ஹோத்ரா, பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட இரயில்வே ஊழியர்களின் பதிவுகளை ஆராய்ந்து 1967இல் பிரித்தானிய இதயவியல் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். தென்னிந்திய ஊழியரிடையே இதயத் தமனி நோய் பஞ்சாபியரிடையே உள்ளதைப்போல் ஏழு மடங்கு. ஆனால் பஞ்சாபியர் உண்ட கொழுப்போ தென்னிந்தியர் உண்டதினும் பன்மடங்கு, அதிலும் பெரும்பகுதி பாற்கொழுப்பு. நெய்யும் வெண்ணெயும் உண்டவர் தப்பினர்; சோறுண்டவர் வீழ்ந்தனர் என்பதே அத்தரவின் பொருள். இம்முரணுக்கு அவர் கூறிய விளக்கங்கள் நிலைக்கவில்லை. முரண் மட்டும் நிலைத்தது. அதைத் தீர்க்கும் கருவி அன்று இல்லை. மொத்தக் கொலஸ்டிராலை மட்டும் அளந்தால் அது புலப்படாது.

இராயபுரத்திலிருந்து கோபாலபுரத்திற்கு

வி. மோகனின் ஆய்வு வாழ்வு அவருடைய தந்தையின் மருத்துவமனையில் தொடங்கியது. தந்தை எம். விசுவநாதன் 1948இல் சென்னை அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியவர். 1954இல் இராயபுரத்தில் நீரிழிவு மருத்துவமனையை நிறுவியவர். இந்திய நீரிழிவியலின் தந்தை எனப் போற்றப்படுபவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயிலும் காலத்திலேயே மோகன் தந்தையோடு ஆய்வில் ஈடுபட்டார்.

விசுவநாதனின் பணிகளுள் இக்கட்டுரைக்கு இன்றியமையாதது அவர் வலியுறுத்திய உணவுமுறை. நீரிழிவு நோயாளிக்கு மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைத்துக் கொழுப்பை மிகுவிக்கும் மேலைமுறை நிலவிய காலத்தில், மாவுச்சத்தும் நார்ச்சத்தும் மிகுந்த உணவை அவர் பரிந்துரைத்தார். தென்னிந்தியரின் வழக்கமான உணவை அடியோடு மாற்றாமல், பருப்பும் காய்கறியும் கீரையும் கூட்டி நோயைக் கட்டுப்படுத்தலாம் என்பது அவர் துணிபு. தந்தை மாவுச்சத்துக்கு இடமளித்தார். மகனோ பிற்காலத்தில் மாவுச்சத்தின் மிகுதியையே குற்றம் சாட்டினார். மேலோட்டமாகப் பார்த்தால் இது முரண். ஆனால் விசுவநாதனின் சூத்திரத்தில் இரண்டாம் பாதி நார்ச்சத்து. அந்தப் பாதி தட்டிலிருந்து நீங்கியபின் எஞ்சியதைத்தான் மகனின் குழு அளந்தது.

1986இல் ‘டயபெட்டாலஜியா’ இதழில் மோகனை முதல் ஆசிரியராகக் கொண்டு, இலண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனை ஆய்வருடன் இணைந்து எழுதப்பட்ட ஒரு கட்டுரை வெளிவந்தது. ஆசிய இந்தியருக்கும் ஐரோப்பியருக்கும் குளுக்கோசு கொடுத்து இன்சுலின் சுரப்பை ஒப்பிட்ட ஆய்வு அது. இந்தியரிடம் இன்சுலின் அளவு மிகுந்து காணப்பட்டது. நீரிழிவு பற்றிய கட்டுரையாகவே அது படிக்கப்பட்டது என்றாலும், பின்னாளைய கொலஸ்டிரால் வினாவின் விதை அதில் இருந்தது எனலாம்.

காரணம் இதுதான். இன்சுலினுக்கு உடல் சரிவரச் செவிசாய்க்காதபோது கணையம் அதை மேலும் சுரக்கிறது. மிகுந்த இன்சுலினும் மிகுந்த மாவுச்சத்தும் சேர்ந்து கல்லீரலைக் கொழுப்பு உருவாக்கத் தூண்டுகின்றன; கல்லீரல் டிரைகிளிசரைடு நிறைந்த துகள்களைக் குருதியில் விடுகிறது. அத்துகள்கள் தம் டிரைகிளிசரைடை எச்.டி.எல்., எல்.டி.எல். துகள்களுக்குக் கொடுத்து அவற்றின் கொலஸ்டிராலைப் பெற்றுக்கொள்கின்றன. இந்தப் பண்டமாற்றில் எச்.டி.எல். விரைந்து அழிகிறது. எல்.டி.எல். சிறுத்து அடர்ந்து, தமனிச் சுவரில் எளிதில் நுழையும் வடிவம் பெறுகிறது. எண்ணெயே இல்லாத ஒரு வட்டில் சோறு குருதியின் கொழுப்பை மாற்றியமைக்கும் வழி இது.

இலண்டன் வாழ் தெற்காசியரை ஆராய்ந்த பால் மக்கீக் குழுவினர் 1991இல் ‘லான்செட்’ இதழில் இதே திசையைக் காட்டினர்: வயிற்றுப் பருமன், மிகை இன்சுலின், மிகை டிரைகிளிசரைடு, குறை எச்.டி.எல். அதே 1991இல் மோகன் தந்தையின் நிறுவனத்திலிருந்து பிரிந்து, கண் மருத்துவரான தம் துணைவியார் ரெமாவுடன் தனி நீரிழிவு மையத்தைத் தொடங்கினார். 1996இல் சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனம் உருவாயிற்று. அவ்வாண்டே விசுவநாதன் மறைந்தார்.

இரு குடியிருப்புகள்

மருத்துவமனைக்கு வருபவரைக் கொண்டு ஊரைக் கணிக்க இயலாது. இவ்வுண்மையை உணர்ந்து தொடங்கப்பட்டதே சென்னை நகர்ப்புற மக்கள்தொகை ஆய்வு. திருமங்கலத்தில் நடுத்தர வருவாயினர் வாழும் ஏசியாட் குடியிருப்பும், தியாகராய நகரில் குறைந்த வருவாயினர் வாழும் பாரதி நகரும் தேர்ந்தெடுக்கப்பட்டன. தியாகராய நகர் என்றதும் பட்டும் நகையும் நினைவுக்கு வருவோர்க்கு இத்தேர்வு வியப்பளிக்கலாம். நகரத்தின் வறுமை வணிக வீதிகளின் முதுகுப்புறத்திலேயே வாழ்கிறது. இருபது வயது நிரம்பிய 1,399 பேரில் 1,262 பேர் சோதனைக்கு உடன்பட்டனர்.

வயது வேறுபாட்டை நீக்கிக் கணித்தபோது நீரிழிவு நடுத்தர வருவாயினரிடம் 12.4 விழுக்காடு, குறைந்த வருவாயினரிடம் 6.5 விழுக்காடு. ஒரே நகரம், ஒரே இனம், இரு மடங்கு வேறுபாடு. ‘இந்திய மரபணு’ என்ற ஒற்றை விளக்கத்தோடு அமைதியடைய விரும்புவோர்க்கு இவ்வெண்கள் இடையூறானவை. மரபு பாதையை அமைக்கலாம். அதில் நடக்கச் செய்வது வாழ்க்கைமுறை.

இதயத் தமனி நோய் பற்றிய முடிவுகள் 2001இல் அமெரிக்க இதயவியல் கல்லூரியின் இதழில் வெளியாயின. ஆராயப்பட்டோரில் 11 விழுக்காட்டினரிடம் நோய் காணப்பட்டது. நீரிழிவு உள்ளவரிடம் அது 21.4 விழுக்காடு. இக்கட்டுரையின் மற்றொரு முடிவு போதிய கவனம் பெறவில்லை. பல காரணிகளை ஒருங்கே நிறுத்திக் கணித்தபோது எஞ்சி நின்றவை இரண்டே: வயதும் எல்.டி.எல். கொலஸ்டிராலும். இந்தியரின் சிக்கல் குறை எச்.டி.எல். மட்டுமே, எல்.டி.எல். மேலையோர் நோய் என்று சொல்ல முனைவோர் கோபாலபுரத்துத் தரவையே மறுபடி படிக்க வேண்டும். உள்ளூர்த் தனித்தன்மை உலகப் பொதுவிதியை நீக்கிவிடவில்லை. அதன்மேல் இன்னொரு சுமையாக ஏறியது.

ஏசியாட் குடியிருப்பின் பின்கதை எண்களைவிடச் சுவையானது. ஆய்வு முடிவுகளைக் கேட்டறிந்த குடியிருப்போர் தம் சொந்தப் பணத்தில் ஒரு பூங்கா அமைத்து நடக்கத் தொடங்கினர். வாரத்தில் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்வோர் 14.2 விழுக்காட்டிலிருந்து 58.7 விழுக்காடாக உயர்ந்தனர் என 2006இல் அக்குழு பதிவு செய்தது. பாரதி நகரில் அத்தகைய பூங்காவுக்கு இடமும் பணமும் இருந்திருக்குமா என்ற வினா இங்குத் தவிர்க்க இயலாதது.

சோற்றுத் தட்டின் மீதான வினா

2001இல் தொடங்கிய சென்னை நகர்ப்புற ஊரக நோய்ப்பரவல் ஆய்வு அளவில் மிகப் பெரியது. அன்றைய மாநகராட்சியின் 155 வட்டங்களில் 46 வட்டங்களிலிருந்து 26,001 பேர் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் பத்தில் ஒருவர் விரிவான சோதனைக்கு அழைக்கப்பட்டார். குருதியோடு உணவும் அளக்கப்பட்டமை இதன் சிறப்பு. ஜி. இராதிகா, வி. சுதா முதலிய உணவியலாளர்கள், சென்னைவாசி எத்தனை கரண்டி சோறு, எத்தனை இட்லி, எவ்வளவு சாம்பார் உண்கிறார் என்பதை வினாநிரல் கொண்டு கணித்தனர். தமிழரின் உணவை அமெரிக்க உணவுப் பட்டியலால் அளக்க முடியாது என்பதால் இக்கருவியையே புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது. ஆய்வு வரலாற்றில் இத்தகைய பணிகள் ஒரு வரியில் கடந்து செல்லப்படுகின்றன. பின்வந்த முடிவுகள் யாவும் இந்த ஒரு வரியின் மீதே நிற்கின்றன.

2009இல் வெளியான முடிவு இது: சென்னைவாசி பெறும் ஆற்றலில் 46.9 விழுக்காடு தீட்டிய தானியங்களிலிருந்து, பெரும்பாலும் வெள்ளை அரிசியிலிருந்து, கிடைக்கிறது. அதை மிகுதியாக உண்ணும் காற்பகுதியினரிடம், குறைவாக உண்ணும் காற்பகுதியினரைவிட வளர்சிதைமாற்ற நோய்த்தொகுதி இருப்பதற்கான வாய்ப்புவிகிதம் 7.83. தானியம் ஏற ஏற டிரைகிளிசரைடு ஏறியது, எச்.டி.எல். இறங்கியது. மல்ஹோத்ராவின் 1967ஆம் ஆண்டுப் புதிருக்கு நாற்பது ஆண்டுகள் கழித்து ஒரு விடை அரும்பியது எனலாம்.

1967 தமிழக அரசியலில் படி அரிசி வாக்குறுதியின் ஆண்டு என்பதும் இங்கு நினைவுகூரத் தக்கது. அரிசி இம்மண்ணில் வெறும் மாவுச்சத்து அன்று. கேழ்வரகும் கம்பும் சோளமும் உண்டவர்க்கு நெல்லுச்சோறு திருவிழாவின் அடையாளம். அதை நாள்தோறும் உண்பது மதிப்பின் அடையாளம். 2006இல் முதலமைச்சராகப் பொறுப்பேற்றதும் மு. கருணாநிதி கையொப்பமிட்ட ஆணைகளுள் கிலோ அரிசி இரண்டு ரூபாய் என்பது ஒன்று. 2008 செப்டம்பரில் அது ஒரு ரூபாயாயிற்று. 2011இல் அடுத்த ஆட்சி அதை விலையில்லா அரிசியாக்கியது. கருணாநிதியின் இல்லமும் கோபாலபுரமே. பசியை ஒழிக்க அரிசியை வீடுதோறும் சேர்த்த அரசியலும், அதே அரிசியின் மிகுதி குருதியில் என்ன செய்கிறது என்று அளந்த ஆய்வும் ஒரே பகுதியில், ஒரே காலத்தில் நிகழ்ந்தன.

இவ்விரண்டையும் காரணகாரியமாகப் பிணைப்பது தவறாகும். ஆய்வுக்குத் தரவு திரட்டப்பட்டது இரண்டு ரூபாய் அரிசிக்கு முன்பே. ஆகவே மலிவு அரிசி நோயை விளைவித்தது என்று இத்தரவைக் கொண்டு வாதிட இயலாது. மேலும், நோய் மிகுந்திருந்தது ஏசியாட் குடியிருப்பில், பாரதி நகரில் அன்று. கடும் உடலுழைப்பாளிக்குச் சோறு எரிபொருள். நாற்காலியில் அமர்ந்தவருக்கு அதுவே டிரைகிளிசரைடு. மாறியவை இரண்டு: ஆலையில் தீட்டப்பட்டு உமித்தவிட்டை இழந்த அரிசியும், உழைப்பை இழந்த உடலும். கைக்குத்தல் அரிசி உண்ட தலைமுறையைச் சான்றுகாட்டி ‘நம் முன்னோர் சோறுதானே உண்டனர்’ என்று கூறுவோர் இவ்விரண்டையும் மறந்துவிடுகின்றனர்.

அளவுகோல் யாருடையது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்ற ‘இண்டியாப்’ ஆய்வின் முதற்கட்டக் கொழுப்பு முடிவுகள் 2014இல் வெளிவந்தன. தமிழ்நாடு, மகாராட்டிரம், ஜார்க்கண்டு, சண்டிகர் ஆகிய நான்கு பகுதிகளின் 2,042 பேரில் மிகைக் கொலஸ்டிரால் உள்ளவர் 13.9 விழுக்காடு, மிகை எல்.டி.எல். 11.8 விழுக்காடு, மிகை டிரைகிளிசரைடு 29.5 விழுக்காடு. குறை எச்.டி.எல். உள்ளவரோ 72.3 விழுக்காடு.

மொத்தக் கொலஸ்டிராலை மட்டும் பார்க்கும் மருத்துவர் இம்மக்களில் பெரும்பாலாரை நலமுடையோர் என அனுப்பிவிடுவார். ஓர் எடுத்துக்காட்டு: மொத்தக் கொலஸ்டிரால் 180, எச்.டி.எல். 32, டிரைகிளிசரைடு 220 என்றிருக்கும் ஒருவரின் எல்.டி.எல்., 1972 முதல் வழங்கும் ஃபிரீடுவால்டு வாய்பாட்டின்படி, 180இலிருந்து 32ஐயும் 220இன் ஐந்தில் ஒரு பங்காகிய 44ஐயும் கழிக்கக் கிடைக்கும் 104. தாளில் அச்சமூட்டும் எண் எதுவுமில்லை. ஆனால் எச்.டி.எல். நீங்கலாக எஞ்சும் கொலஸ்டிரால் 148. டிரைகிளிசரைடு மிகும்தோறும் இவ்வாய்பாடு நம்பகம் இழக்கிறது. 400ஐத் தாண்டினால் பயன்படாது. டிரைகிளிசரைடு மிகுந்த ஒரு சமூகத்தில் எல்.டி.எல். குறைவாகத் தெரிவதில் ஒரு பகுதி அளவைமுறையின் விளைவே.

இன்னொரு வினா கடினமானது. நூற்றில் எழுபத்திரண்டு பேரிடம் ‘குறை’ இருக்கிறது என்றால், குறை மக்களிடமா, அளவுகோலிலா? ஆணுக்கு 40, பெண்ணுக்கு 50 என்ற எல்லைகள் மேலைநாட்டில் வகுக்கப்பட்டவை. இந்தியருக்கு உடற்பருமன் எல்லையும் இடுப்பளவு எல்லையும் திருத்தப்பட்டது போல இதுவும் திருத்தப்பட வேண்டும் என ஒருவர் வாதிடலாம். உடற்பருமனில் எல்லையைத் தாழ்த்தியதால் நோயாளர் தொகை கூடியது, எச்.டி.எல்.லில் எல்லையைத் தாழ்த்தினால் அது குறையும். திருத்தத்தின் திசையே வேறு. இதைக் கணக்கெடுப்பு மட்டும் தீர்க்காது. பல்லாண்டுகள் தொடர்ந்து, யாருக்கு மாரடைப்பு வந்தது என்று பார்த்தாக வேண்டும்.

எச்.டி.எல்.லின் மதிப்பே இதற்கிடையில் சரிந்தது. அதை உயர்த்தும் டோர்செட்ராபிப் என்னும் மருந்தைப் பெற்ற நோயாளரிடையே இறப்பு கூடியதால் 2006 டிசம்பரில் அச்சோதனை நிறுத்தப்பட்டது. பிறப்பிலேயே எச்.டி.எல். உயர்ந்திருக்கும் மரபணு மாற்றம் உடையோர் மாரடைப்பிலிருந்து காக்கப்படவில்லை என 2012இல் ‘லான்செட்’ கட்டுரை ஒன்று காட்டியது. ‘நல்ல கொழுப்பு’ என நாளிதழ் மருத்துவப் பகுதிகள் கொண்டாடிய பொருள் காப்பவர் அன்று, ஒருவேளை சாட்சி மட்டுமே என்றாயிற்று. அப்படியாயின் கோபாலபுரத்து எண்கள் பயனற்றனவா? அல்ல. இம்மக்களிடம் குறை எச்.டி.எல். தனியே நிற்பதில்லை; மிகை டிரைகிளிசரைடோடும் இன்சுலின் எதிர்ப்போடும் சேர்ந்தே வருகிறது. சாட்சியை உயர்த்துவதால் குற்றம் நீங்காது. ஆனால் சாட்சி சொல்வதைக் கேட்காமலிருப்பதும் அறிவுடைமை ஆகாது. எச்.டி.எல்.லை மருந்தால் உயர்த்த முயலாமல் தட்டில் உள்ள சோற்றின் அளவைப் பற்றிப் பேசியதே மோகன் குழுவினரின் அணுகுமுறையை இச்சரிவிலிருந்து காத்தது.

இவ்வாய்வுகளுக்கு எல்லைகளும் உண்டு. பெரும்பான்மை முடிவுகள் ஒரு காலப்புள்ளியில் எடுக்கப்பட்டவை. நோய் வந்தபின் உணவை மாற்றிக்கொண்டவரையும் மாற்றாதவரையும் அவை முழுதாகப் பிரித்தறிய இயலாது. தனியார் மருத்துவ நிறுவனம் ஒன்றின் ஆய்வுப் பிரிவு நாட்டின் நோய்க் கணக்கை எழுதும் நிலை, பொதுத்துறை அப்பணியில் பின்தங்கியதன் அடையாளம் என்றும் கொள்ளலாம்.

2012இல் மோகனுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ‘இண்டியாப்’ 2008 அக்டோபர் முதல் 2020 டிசம்பர் வரை நாடு முழுவதும் 1,13,043 பேரைச் சென்றடைந்தது. அதன் முடிவுகளை அவருடைய மகள் ஆர். எம். அஞ்சனா முதல் ஆசிரியராக இருந்து 2023இல் வெளியிட்டார்: நீரிழிவு 11.4 விழுக்காடு, குருதிக்கொழுப்புச் சீர்கேடு 81.2 விழுக்காடு. இராயபுரத்தில் தொடங்கிய குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை அது. 2025இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வெளியான அதன் உணவுப் பகுதி, இந்தியர் பெறும் ஆற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து கிடைப்பதாகவும், அதில் ஒரு சிறு பங்கைப் புரதத்திற்கு மாற்றினாலே நீரிழிவு இடர் குறைவதாகவும் கூறுகிறது. புரதத்திற்கு அக்கட்டுரை சுட்டும் மூலங்களுள் ஒன்று பருப்பு. நியாயவிலைக் கடையில் அரிசிக்கு விலையில்லை; பருப்புக்கு இன்றும் விலை உண்டு.